ஹிமாலயன் 411 முன் ஃபோர்க்: வீட்டிலேயே ஸ்பிரிங் மாற்றலாமா? நம்ம பக்கத்துச் சாலைகளுக்கு எது சரி?

தேவகோட்டை ரைடர்:

வணக்கம். என்னுடையது 2019 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். என் எடை 84 கிலோ. விடுமுறை நாட்களில் பின்னால் மனைவி, பெட்டியில் சாமான். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற வழியில் ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் முன்பக்கம் அப்படியே அமுங்கிவிடுகிறது. அமுங்கிய நிலையிலேயே தடையில் ஏறும்போது ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஸ்பிரிங் கால்கள்) அடிவரை போய் ‘டக்’கென்று இடிக்கிறது. சரி, ஸ்பிரிங் மென்மை என்று பார்த்தால், வயல் பக்கம் போகும் செம்மண் சரளைப் பாதையில் இதே ஃபோர்க் சின்னக் கல்லுக்கெல்லாம் கையை உதற வைக்கிறது. மென்மையும் கடினமும் ஒரே ஃபோர்க்கில் எப்படி இருக்க முடியும்?

ஒரு கடையில் தடித்த ஆயில் ஊற்றினால் போதும் என்றார்கள். இன்னொரு இடத்தில் ஸ்பிரிங் மேல் வாஷர் அடுக்கச் சொன்னார்கள். இணையத்தில் பார்த்தால் ஸ்பிரிங் செட், எமுலேட்டர் என்கிற வால்வு, உள்பாகத்தையே மாற்றும் முழு கார்ட்ரிட்ஜ் என்று போகிறது. என்னிடம் ஸ்பானர் செட், ஆலன் கீ, ஜாக்கி இருக்கின்றன. அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் இரவல் கிடைக்கும். வேலையை நானே செய்ய ஆசை. எதில் தொடங்குவது?

செக்காலை ரெஞ்ச்:

தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியிலேயே விடை இருக்கிறது. 411இன் ஃபோர்க் 41 மில்லிமீட்டர் குழாய், 200 மில்லிமீட்டர் பயணம், அதாவது முழுக்க அமுங்கும் தூரம். உள்ளே இருப்பது டேம்பர் ராட். ஓட்டை போட்ட ஒரு குழாய், அவ்வளவுதான். ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் அந்த ஓட்டைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். ஓட்டை வழியாகப் போகும் ஆயிலின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் 2 மடங்கானால் எதிர்ப்பு 4 மடங்கு, 3 மடங்கானால் 9 மடங்கு. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக இறங்குகிறது, அப்போது ஆயில் தடுப்பதே இல்லை. சரளைக் கல்லில் சக்கரம் சுரீரென்று மேலே எழுகிறது, அப்போது ஆயிலால் அந்த வேகத்தில் ஓட்டையைக் கடக்க முடியாமல் பூட்டியது மாதிரி நிற்கிறது. ஒரே ஃபோர்க் ஒரு இடத்தில் மென்மை, இன்னொரு இடத்தில் கடினம் என்பது இதனால்தான்.

இப்போது அந்தக் கடைக்காரர் சொன்ன தடித்த ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக்கில் கொஞ்சம் மெதுவாக அமுங்கும், ஆனால் அமுங்குவது அமுங்கத்தான் செய்யும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆயில் அசைவைத் தாமதப்படுத்துமே தவிர எடையைத் தாங்காது. சரளையில் உங்கள் கை இன்னும் மோசமாக உதறும். வாஷர் அடுக்குவது ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பது. முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும், அது நல்லதே. ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் எவ்வளவு விசை வேண்டும் என்கிற கணக்கு மாறாது. அளவு மீறி அடுக்கினால் அடிவரை அமுங்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

எதையும் வாங்காதீர்கள். முதலில் சேக், அதாவது நீங்கள் உட்கார்ந்ததும் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து அந்த அளவை இங்கே போடுங்கள். அந்த அளவைப் பார்க்காமல் யார் யோசனை சொன்னாலும் அது ஊகம்தான்.

புதுவயல் 411:

அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. அளக்கும் முறை தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். மற்ற வண்டிகளில் ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை மாட்டி அளப்பார்கள். 411இல் ரப்பர் உறை இருப்பதால் அது சரிப்படாது. முன் ஆக்சிலின் நடுவிலிருந்து மேலே ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்க் கிளாம்ப் வரை டேப்பால் அளப்பதே எளிது.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் ஒரு அளவு. அதுதான் முழு நீளம். பிறகு இறக்கி, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு நீங்கள் ஓட்டும் நிலையில் உட்கார வேண்டும். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஹேண்டிலை நன்றாக அமுக்கி, மெதுவாக விட்டு, நின்ற இடத்தில் அளக்க வேண்டும். அடுத்து ஹேண்டிலை மேலே தூக்கி, மெதுவாக விட்டு, மறுபடி அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்காது. சராசரியை முழு நீளத்திலிருந்து கழித்தால் சேக். இரண்டு அளவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் உராய்வு. அது பெரிதாக இருந்தால் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) பிடிக்கிறது, அல்லது இரண்டு ஃபோர்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை.

மொத்தப் பயணத்தில் 30 சதவீதம் பக்கம் வந்தால் சரி. 200க்கு 60.

தேவகோட்டை ரைடர்:

அளந்துவிட்டேன். அமுக்கி விட்டால் 82, தூக்கி விட்டால் 74. சராசரி 78, அதாவது 39 சதவீதம். இது நான் மட்டும் உட்கார்ந்தபோது. மனைவியும் சாமானும் சேர்ந்தால் முன்பக்கம் பெரிதாக மாறவில்லை, எடை முழுக்கப் பின்னால்தான் போகிறது.

செக்காலை ரெஞ்ச்:

அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், ஸ்பிரிங்தான். நீங்கள் சும்மா உட்கார்ந்ததற்கே பயணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு காலி. பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும். மிச்சத்தில் பாதி அதற்கே போய்விடும். அதற்கு மேல் வேகத்தடை வந்தால் எங்கே போகும்? அடியில்தான் இடிக்கும்.

கானாடுகாத்தான் வண்டிக்காரி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் 411 இருக்கிறது, என் எடை 53 கிலோ. இதைப் படித்துவிட்டு நானும் அளந்தேன், 57 வந்தது. எனக்கும் ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா? எல்லாரும் மாற்றுகிறார்களே என்றுதான் கேட்கிறேன்.

செக்காலை ரெஞ்ச்:

வேண்டாம் தங்கச்சி. உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் சரியாகப் பொருந்துகிறது. அதை மாற்றினால் கையைக் காசு கொடுத்து நோக வைப்பதுதான் மிச்சம். ஆயில் மாற்றி எவ்வளவு காலம் ஆயிற்று என்று மட்டும் பாருங்கள். எஞ்சின் ஆயிலை மாற்றுகிற நம் ஆட்கள் ஃபோர்க் ஆயிலைச் சீல் கசியும் வரை நினைப்பதே இல்லை. கம்பெனி குறித்த தரத்தில் புது ஆயில் ஊற்றுங்கள். அதுவே புது ஃபோர்க் மாதிரி தெரியும்.

இதை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கம்பெனி ஒரு நடுத்தர எடையை மனதில் வைத்து ஸ்பிரிங் போடுகிறது. அந்த எடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மாற்ற ஒன்றுமில்லை. விலை கூடிய பொருள் என்பதற்காக அது உங்களுக்குப் பொருந்திவிடாது.

பள்ளத்தூரான்:

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதிலாக 2023இல் வந்த ஹிமாலயன் 450இன் முன்பக்கத்தை அப்படியே தூக்கி 411இல் போட்டால் என்ன? 43 மில்லிமீட்டர் ஷோவா தலைகீழ் ஃபோர்க். பயணமும் அதே 200. விபத்து வண்டியிலிருந்து கழற்றிய செட் கிடைத்தால் வேலை முடிந்தது.

புதுவயல் 411:

போல்ட் கழற்றி மாட்டுவதோடு அது முடியாது. 43 குழாய்க்கு 411இன் கிளாம்ப் சேராது, ஆகவே கிளாம்ப்பும் மாற வேண்டும். கிளாம்ப் மாறினால் ஸ்டியரிங் தண்டின் நீளமும் அதைத் தாங்கும் பேரிங்கான கோன் செட்டின் அளவும் ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பிறகு ஆக்சில், காலிப்பர் பிடிக்கும் இடம், ஏபிஎஸ் சென்சார், ஸ்பீடோ என்று வரிசையாக வரும். இதையெல்லாம் லேத்தில் செய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். கிளாம்ப்பில் ஃபோர்க் குழாய், ஸ்டியரிங் தண்டிலிருந்து எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வண்டியின் டிரெயில், அதாவது ஸ்டியரிங் தண்டின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம். டிரெயில் குறைந்தால் 80இல் போகும்போது ஹேண்டில் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தை எந்த லேத்காரராலும் கடைந்து எடுத்துவிட முடியாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. தேய்ந்த ஸ்பிரிங், சீல், ஆயில் மாற்றுவது பராமரிப்பு. முன்பக்கத்தையே வேறு வண்டியிலிருந்து கொண்டுவருவது அப்படியல்ல. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

பள்ளத்தூரான்:

சரி, டிரெயில் பற்றி நான் யோசிக்கவில்லை. அப்படியானால் எமுலேட்டர்? அது கிளாம்ப்பைத் தொடுவதில்லையே.

செக்காலை ரெஞ்ச்:

எமுலேட்டர் நல்ல பொருள். ரேஸ் டெக்கின் கோல்டு வால்வை வைத்துத்தான் அது பெயர் பெற்றது. குக்கர் வெயிட் எப்படி அழுத்தம் ஏறியதும் தூக்கிக்கொடுக்கிறதோ, அப்படி ஒரு ஸ்பிரிங் வால்வு. டேம்பர் ராடின் தலையில் உட்காரும், அதன் மேல் ஃபோர்க் ஸ்பிரிங் உட்காரும். மெதுவான அசைவில் மூடியிருந்து ஆயிலைத் தடுக்கும்; கல்லில் அடித்து அழுத்தம் ஏறினால் திறந்து விட்டுவிடும். தேவகோட்டைத் தம்பி முதலில் சொன்ன இரண்டு நோய்க்கும் இதுதான் நேரான மருந்து.

ஆனால் பழைய டேம்பர் ராடின் கீழ் ஓட்டைகளைப் பெரிதாக்க வேண்டும். இல்லையென்றால் வால்வு திறந்தாலும் ஆயில் கீழே அதே சின்ன ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். பொதுவாக 8 மில்லிமீட்டர் டிரில், எத்தனை ஓட்டை என்பது தயாரிப்பாளர் தாளில் இருக்கும். போட்ட ஓட்டையை மறுபடி அடைக்க முடியாது. டிரில் முடிந்ததும் உள்ளேயும் வெளியேயும் பிசிறு நீக்கி, மண்ணெண்ணெயில் அலசி, காற்றடித்துத் துடைக்க வேண்டும். ஒரு துகள் மிஞ்சினாலும் அது புஷ்ஷையும் குழாயையும் கீறிவிடும். வால்வின் உயரத்துக்கு ஏற்ப, ஸ்பிரிங்கோடு வைக்கும் குழாய்த் துண்டான ஸ்பேசரையும் குறைக்க வேண்டும். திரும்பி எழும் வேகத்தை எமுலேட்டர் தொடாது. அது இன்னும் ஆயிலின் கையில்தான்.

என் யோசனை: முதலில் ஸ்பிரிங்கும் ஆயிலும். ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சரளையில் கை உதறினால் எமுலேட்டருக்குப் போங்கள். தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ், நெதர்லாந்தின் ஹைப்பர்ப்ரோ போன்றவர்களிடம் வண்டி மாடலையும் உங்கள் எடையையும் சொன்னால் எந்த ஸ்பிரிங் என்று சொல்லிவிடுவார்கள். கண்ணால் பார்த்து ‘கொஞ்சம் தடித்த ஸ்பிரிங்’ வாங்காதீர்கள். ஸ்பிரிங்கின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். அதே சுருள் விட்டம், அதே எண்ணிக்கை இருக்க, கம்பி 10 சதவீதம் தடித்தால் கடினம் ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் கைக்குத் தெரியும்.

கோட்டையூர் மின்வேதி:

எல்லாரும் உள்ளே இருப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். குழாயின் மேல்தோலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மின்முலாம், அரிப்பு இவற்றுக்கென்றே 1953 முதல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நம்ம காரைக்குடியில் இயங்குகிறது. அந்த ஊர்க்காரர்கள் ஃபோர்க் குழாயில் துரு ஏறவிட்டுச் சீல் மேல் சீலாக வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஃபோர்க் குழாய் எஃகு. மேலே பளபளப்பது கடினக் குரோமியம். குரோமிக் அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்திப் படிய வைப்பது. மிகக் கடினமானது, வழுக்குவது, சீலுக்கு உகந்தது. ஆனால் படியும்போதே அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழும். ஈரம் அந்த விரிசல் வழியாக எஃகைத் தொட்டுவிட்டால் குரோமியம் காப்பாற்றாது. துத்தநாகப் பூச்சு என்றால் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். குரோமியத்தில் கதை தலைகீழ்: அது அப்படியே நிற்கும், அடியிலுள்ள இரும்புதான் அரிபடும். அதனால்தான் வெளியே ஒரு ஊசிமுனை அளவு புள்ளி தெரியும்போதே உள்ளே பள்ளம் பெரிதாகியிருக்கும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டை ஒவ்வொரு அசைவிலும் அறுக்கும்.

411இன் ரப்பர் உறை தூசியைத் தடுக்கிறது, உண்மை. ஆனால் ஐப்பசி மழையில் உள்ளே போன ஈரமும் செம்மண்ணும் அங்கேயே தங்கிவிடும். உறை இருப்பதால் யாரும் பார்ப்பதும் இல்லை. மழைக்காலத்தில் அவ்வப்போது உறையைத் தூக்கி, சுத்தமான துணியால் துடைத்து, விரலில் துளி ஃபோர்க் ஆயில் தொட்டுக் குழாய் முழுக்கத் தடவி விடுங்கள். அந்த மெல்லிய படலம் விரிசலுக்குள் ஈரம் போகாமல் தடுக்கும்.

சின்னப் புள்ளி விழுந்திருந்தால் 2000 எண் எமரித் தாளில் ஆயில் தொட்டு மேடு போகும் வரை மட்டும் தேய்த்து, பள்ளத்தில் எபாக்ஸி நிரப்பி, காய்ந்ததும் மட்டமாக்கலாம். சீல் ஓடும் பகுதியில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுக் குழாய் போடுங்கள், அல்லது பழைய முலாமை நீக்கித் தீட்டிப் புது முலாம் போட்டு மறுபடி அளவுக்குத் தீட்டும் இடத்தில் கொடுங்கள். அழகுக்காகக் கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் குரோம் போடும் இடத்தில் கொடுக்காதீர்கள். அது வேறு முலாம், சீல் கீழே தாங்காது.

தேவகோட்டை ரைடர்:

மிக்க நன்றி. உறையைத் தூக்கிப் பார்த்தேன், இடது குழாயில் செம்மண் ஒரு வளையமாகப் படிந்திருந்தது. துடைத்ததும் போய்விட்டது, குரோம் சுத்தமாக இருக்கிறது. ஸ்பிரிங், சீல், தூசிச் சீல், ஆயில் எல்லாம் ஆர்டர் போட்டுவிட்டேன். அண்ணே, கழற்றும் வரிசையை எழுத முடியுமா? விளக்கப் புத்தகம் இருக்கிறது, ஆனால் அதில் இல்லாத கைப்பழக்கம்தான் எனக்கு வேண்டும்.

செக்காலை ரெஞ்ச்:

எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். டார்க் அளவு, ஆயில் அளவு எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. நான் கைப்பழக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கீழ்த்தகட்டைக் கழற்றி, எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கி. பின்பக்கம் கயிறு போட்டுத் தூணிலோ சன்னல் கம்பியிலோ கட்டிவிடுங்கள். முன்சக்கரம் போனதும் எடை பின்னால் சாயும் என்றாலும், ஃபோர்க்கை இழுக்கும்போது வண்டி ஆடக் கூடாது.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டியது: ஃபோர்க் மேல்மூடியை இளக்குவது. முதலில் மேல் கிளாம்ப் போல்ட்டை இளக்குங்கள். இல்லையென்றால் கிளாம்ப் குழாயை நெரித்து மூடியின் மரையைப் பிடித்துக்கொள்ளும். மூடியைக் கால் சுற்று மட்டும் இளக்கி விட்டுவிடுங்கள். அதே நேரத்தில் அடியிலுள்ள ஆலன் போல்ட்டையும் இளக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் அழுத்தம் உள்ளே இருக்கும்போது டேம்பர் ராட் கூடச் சுற்றாது. ஸ்பிரிங்கை எடுத்த பிறகு முயன்றால் போல்ட்டும் ராடும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு இம்பாக்ட் கன் தேடிப் பஞ்சர் கடைக்குப் போக வேண்டியதுதான்.

பிரேக் காலிப்பரைக் கழற்றியதும் அதன் ஹோஸில் தொங்க விடாதீர்கள். கயிற்றால் கட்டுங்கள், பேடுக்கு நடுவே அட்டையை மடித்துச் செருகுங்கள். வீட்டுப் பிள்ளைகள் வந்து பிரேக் லீவரை அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஏபிஎஸ் வயரை முதலிலேயே விலக்கிவிடுங்கள்.

ஃபோர்க் கையில் வந்ததும் மூடியை முழுக்கத் திறக்கும்போது முகத்தை மேலே நீட்டாதீர்கள். துணியை வைத்து உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே திருகுங்கள். கடைசி மரை விடும்போது ஸ்பிரிங் தள்ளும். பழைய ஆயிலைக் கவிழ்த்து, மெதுவாக இழுத்து அமுக்கி முழுக்க வடியுங்கள். இரண்டு காலிலிருந்தும் வந்ததைத் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குறைவாக இருந்தால் அந்தச் சீல் எப்போதிருந்தோ கசிகிறது என்று பொருள்.

புதுச் சீல் ஏற்றும்போது குழாயின் விளிம்பில் பிளாஸ்டிக் பையைப் போர்த்தி ஆயில் தடவி அதன் மேல் வழுக்கி இறக்குங்கள். விளிம்பு சீலின் உதட்டைக் கிழிக்காது. சீலை உட்கார வைக்க, குழாயின் மேல் சரியாக நழுவும் அளவு பிவிசி குழாய்த் துண்டு போதும். முனை நேராக வெட்டியிருக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுவது வேண்டவே வேண்டாம்.

ஆயிலை மில்லி கணக்கில் ஊற்றி விட்டுவிடாதீர்கள், மட்டத்தைப் பாருங்கள். ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, நேராக நிறுத்தி, காற்றுக்குமிழி போகும் வரை மெதுவாக ஏற்றி இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு, குழாயின் வாயிலிருந்து ஆயில் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க வேண்டும். ஊசி சிரிஞ்சில் சின்னக் குழாய் மாட்டி, அந்த அளவில் நிறுத்தி, மேலே உள்ளதை உறிஞ்சிவிட்டால் இரண்டு காலும் ஒரே மட்டம். இந்தக் காற்று இடைவெளியும் ஒரு ஸ்பிரிங்தான். உதாரணத்துக்கு இடைவெளி 140 என்றால், 200 பயணம் சேர்ந்து நீண்ட நிலையில் 340. அடிவரை போகும்போது காற்று ஏறக்குறைய 2.4 மடங்கு நெருக்கப்படும். ஆயிலை 20 மில்லிமீட்டர் உயர்த்தினால் 320க்கு 120, அதாவது 2.7 மடங்கு. தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது, அடியில் மட்டும் தாங்கும். அடி இடிப்பவர்களுக்கு இது செலவில்லாத சரிசெய்தல். ஆனால் அளவாக 5, 10 மில்லிமீட்டராகப் போங்கள். மிகையாக நிரப்பினால் சீல் வெளியே வந்துவிடும்.

ஆயில் வாங்கும்போது 10டபிள்யூ என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 10டபிள்யூவும் இன்னொன்றின் 10டபிள்யூவும் ஒரே தடிமன் அல்ல. 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் தடிமனைச் சொல்லும் அலகு) என்று அவர்கள் தகவல் தாளில் போட்டிருப்பார்கள், அதை ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் கடினமானால் திரும்பி எழும் வேகமும் கூடும். ஆகவே ஆயில் பழையதைவிட ஒரு படி தடிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சித்திரை வெயிலில் இங்கே ஆயில் எப்படியும் இளகும் என்று சொல்லி 20க்குத் தாவுபவர்கள் மார்கழிக் காலையில் கட்டை மாதிரி ஃபோர்க்கோடு போவார்கள்.

திரும்ப மாட்டும்போது கடைசி ஒன்று. ஆக்சிலை முறுக்கிவிட்டு, ஆக்சிலைப் பிடிக்கும் பக்கவாட்டுப் போல்ட்டை இளக்கமாகவே விட்டு, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நன்றாக அமுக்கி அமுக்கி விடுங்கள். ஃபோர்க் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பிறகே அந்தப் போல்ட்டை முறுக்க வேண்டும். உங்கள் 82க்கும் 74க்கும் இடையிலிருந்த 8இல் பாதி இதிலேயே போனாலும் ஆச்சரியமில்லை. சக்கரம் இல்லாத நேரத்தில் ஹேண்டிலை இருபுறமும் திருப்பி, நடுவில் எங்காவது ‘கடக்’கென்று நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கோன் செட்டையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

கானாடுகாத்தான் வண்டிக்காரி:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். பழைய வீட்டில் இருப்பவர்கள் முகப்பிலோ பட்டாசாலையிலோ இந்த வேலையைச் செய்யாதீர்கள். அங்கே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டு, ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும்; பழைய ஃபோர்க் ஆயிலின் கருப்புக் கறை ஏறினால் தேய்த்துப் போகாது. பின்கட்டில் அட்டை விரித்துச் செய்யுங்கள். அடுத்தது அதைவிட முக்கியம். வடித்த ஆயிலை வீட்டு வடிகாலில் ஊற்றாதீர்கள். நம் ஊர்களில் தெருத் தண்ணீர் முழுவதும் ஊரணிக்கு ஓடும்படிதான் முன்னோர் வாட்டம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பாட்டிலில் அடைத்து, எஞ்சின் ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

தேவகோட்டை ரைடர்:

முடித்துவிட்டேன். பின்கட்டில், அட்டையின் மேல். அண்ணன் சொன்ன வரிசையில் போனதால் எங்கும் நிற்கவில்லை. ஆலன் போல்ட் இரண்டும் ஸ்பிரிங் அழுத்தம் இருக்கும்போதே இளகிவிட்டன.

பழைய ஆயில் சாம்பல் நிறம். தட்டில் சாய்த்து வெயிலில் பிடித்தால் அலுமினியப் பொடி மினுமினுக்கிறது, வாடையோ மூக்கைத் துளைக்கிறது. அடியில் சளி மாதிரி ஒரு படிவு, அதை விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தது. இடது காலில் வலதைவிட ஆயில் குறைவு. பழைய சீலின் உதட்டைத் திருப்பிப் பார்த்தபோது செம்மண் துகள் ஒன்று அப்படியே பதிந்திருந்தது.

புது ஸ்பிரிங் பழையதைவிடக் குட்டை. தயாரிப்பாளர் சொன்ன ப்ரீலோடு வர ஸ்பேசர் வெட்ட வேண்டியிருந்தது. தடித்த பிவிசி குழாயில் வெட்டி, இரு முனையிலும் வாஷர் வைத்தேன். ஆயில் மட்டம் புத்தகத்தில் உள்ளபடியே, இன்னும் உயர்த்தவில்லை. பக்கவாட்டுப் போல்ட்டைக் கடைசியில் முறுக்கினேன்.

இப்போது சேக்: அமுக்கி விட்டால் 60, தூக்கி விட்டால் 56. சராசரி 58. உராய்வு வித்தியாசம் 8இலிருந்து 4க்கு வந்துவிட்டது.

நேற்றுக் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் போய் வந்தேன். பிரேக்கில் அமுங்குகிறது, ஆனால் பாதியில் நின்றுகொள்கிறது. வேகத்தடைகளில் அடி இடிக்கவே இல்லை. வளைவில் முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது. இது எனக்குப் புது அனுபவம். சரளைப் பாதையில் முன்னேற்றம் இருக்கிறது, முழுத் தீர்வு இல்லை. கூரான கல்லில் இன்னும் அடிக்கிறது. எமுலேட்டருக்கு இப்போதே போகலாமா?

செக்காலை ரெஞ்ச்:

58 நல்ல எண். எமுலேட்டருக்கு முன்னால் முன் டயரின் காற்றைப் பாருங்கள். 21 அங்குலச் சக்கரத்தில் காற்று கொஞ்சம் கூடினாலும் கூரான கல் நேராகக் கைக்கு வரும். புத்தகத்தில் உள்ள அளவுக்குக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து வையுங்கள். புதுச் சீலும் கொஞ்சம் ஓடி இளக வேண்டும். மழைக்குப் பிறகும் உதறினால் அப்போது டேம்பர் ராடை எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கே வாருங்கள், டிரில் செய்து பிசிறு நீக்கித் தருகிறேன்.

பின் ஷாக்கையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தொய்ந்தே இருந்தால் ஸ்டியரிங் மந்தமாகும். மனைவி உட்காரும் நாட்களில் பின் ப்ரீலோடை ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு ஸ்பானர் போதும்.

கண்டனூர் பயணி:

என்னிடம் இருப்பது சாதாரண 100 சிசி வண்டி, அப்பச்சி ஓட்டியது. வலது ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது. சீல் மாற்றித்தான் ஆக வேண்டுமா, ஃபோர்க்கைக் கழற்றாமல் ஏதாவது செய்ய முடியுமா?

கோட்டையூர் மின்வேதி:

முதலில் குழாயைத் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் எதுவும் தட்டாவிட்டால் சீல் கிழியாமலும் இருக்கலாம். உதட்டுக்கும் குழாய்க்கும் நடுவே மண் துகள் மாட்டியிருந்தாலும் கசியும். தூசிச் சீலை மேலே தூக்கிவிட்டு, பழைய புகைப்பட நெகட்டிவ் சுருளில் ஒரு துண்டு வெட்டி, முனையில் சின்னக் கொக்கி மாதிரி ஒரு வெட்டுப் போட்டு, சீலுக்குள் செருகிச் சுற்றி இழுங்கள். துகள் வெளியே வந்துவிடும். துடைத்துவிட்டு ஃபோர்க்கை அமுக்கிப் பாருங்கள், குழாயில் ஆயில் வளையம் தெரிகிறதா என்று. தெரியாவிட்டால் வேலை முடிந்தது, போன ஆயிலை மட்டும் ஈடுகட்டுங்கள். ஆயில் பிரேக் பக்கம் வடிந்திருந்தால் அது சுத்தமாகும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

புதுவயல் 411:

மறுபடி கசிந்தால் சீல்தான். இரண்டு காலுக்கும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ஒன்றுக்கு மட்டும் வேண்டாம். கடையில் வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். வருடத்துக்கு வருடம் ஃபோர்க் மாறியிருக்கலாம். பழைய சீலின் முகத்தில் மூன்று எண்கள் பதிந்திருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், உயரம். அவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்.